மூன்றாம் நாள், நத்தம் ரோடு

கேள்வி: எனக்கு 44 வயது. திருப்பத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன தைப்பூசத்துக்கு முதல்முறையாக மாலை போட்டு, கொழுந்தனாரின் குழுவோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தேன். முதல் நாள் எல்லாருக்கும் முன்னால் போனேன். இரண்டாம் நாள் எப்படியோ இழுத்துப் பிடித்து நத்தம் போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் நாள் கோபால்பட்டி தாண்டுவதற்குள் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், வலது முட்டியின் வெளிப்பக்கம் ஊசியால் குத்துவது போல வலி. ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். லக்கேஜ் வந்த குட்டியானையில் ஏற்றித் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டார்கள், பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். "உனக்கு முருகன் உத்தரவு கொடுக்கல" என்று மாமியார் இன்னமும் சொல்கிறார். இரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த வருடமும் போக ஆசை, மூன்று மாதம் இருக்கிறது. அந்த மூன்றாம் நாளை எப்படித் தாண்டுவது? செருப்புப் போட்டு நடந்தால் தப்பா? வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கலாமா?

பதில்:

சகோதரிக்கு,

முதலில் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தில் முட்டிவலியை விட அந்த வரிதான் உங்களை அதிகம் படுத்துகிறது என்று தெரிகிறது. காவடி தூக்கிய முதல் ஆள் யார்? இடும்பன். சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தவன், ஆவினன்குடிப் பக்கம் வந்ததும் களைத்துப்போய் இறக்கி வைத்தான், அப்புறம் தூக்க முடியவில்லை. அப்படி அவன் இறக்கி வைத்த மலைமேல்தான் ஆண்டவர் நிற்கிறார். களைத்து உட்கார்ந்தவனுக்குத்தான் மலையேறும் வழியில் சந்நிதி, அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நாம் எல்லோரும் மேலே போகிறோம். இதை நீங்கள் போய் மாமியாரிடம் சொன்னால் வாய்ப்பேச்சு என்று ஆகிவிடும், கொழுந்தனாரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது காலுக்கு வருவோம். நான் திண்டுக்கல்லில் பிசியோதெரபிஸ்ட். தை பிறந்துவிட்டால் சாயங்காலங்களில் நத்தம் ரோட்டில் ஒரு சேவை முகாமில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கால் பார்ப்பது வழக்கம். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே "எங்கே ஆரம்பிச்சது?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "முதல் நாள் நல்லாத்தான் மேடம் நடந்தேன்." அந்த 'நல்லாத்தான்' மேல்தான் எனக்குச் சந்தேகம். நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள், எல்லாருக்கும் முன்னால் போனேன் என்று.

பழக்கமில்லாத வேலையைச் சதைக்குக் கொடுத்தால் வலி அன்றைக்கே தெரியாது. 24 மணி நேரத்துக்கு அப்புறம் தலைகாட்டி, இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சத்துக்குப் போகும். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி வரை முதல் நாள் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக நடந்ததற்கான பில் உங்களுக்கு நத்தத்தைத் தாண்டி வந்தது. அதுவும் எந்த இடத்தில்? நத்தத்திலிருந்து திண்டுக்கல் 35 கிலோமீட்டருக்கு மேல். ஏற்கெனவே இரண்டு நாள் கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் சரியாகத் தூங்காத உடம்பு, இருப்பதிலேயே நீளமான துண்டு, அதில் சதை வலியின் உச்சம். மூன்றும் ஒரே நாளில் வந்து விழுந்தால் யாருக்கும் அழுகை வரும். எனக்கும் வந்திருக்கிறது. நான் முதல் தடவை நடந்தபோது ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் கால் பார்க்கிறவள் இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

ஆக, மூன்றாம் நாளைத் தாண்டுவதற்கான வேலையை முதல் நாளே செய்ய வேண்டும். வேலை என்றால் வேறொன்றுமில்லை, மெதுவாக நடப்பதுதான், ஆனால் உற்சாகம் பொங்குகிற முதல் நாளில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. கொட்டு, பாட்டு, புதுப் பச்சைச் சேலை, ரோட்டோரம் தண்ணீர் கொடுக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து காலைத் தள்ளிக்கொண்டு போகும். நான் சொல்லும் கணக்கு இது: முன்னால் போகிறவர் "கந்தனுக்கு" என்று சொன்னதும் நீங்கள் முழு மூச்சில் "அரோகரா" சொல்ல முடிய வேண்டும், சொன்ன பிறகு மூச்சு வாங்கக் கூடாது. வாங்கினால் வேகம் அதிகம். குழுவில் கடைசி ஆளாகப் போவதில் வெட்கம் வேண்டாம், ஆனால் தனியாகப் பின்தங்கவும் வேண்டாம். உங்கள் நடைக்கு ஒத்துவருகிற ஒரு பெண்ணை ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள், மாலை போடும்போதே பேசி வையுங்கள்.

இன்னொன்று, குருசாமியிடம் இப்போதே கேட்டுப் பாருங்கள்: நத்தம்–திண்டுக்கல் துண்டை இரண்டாக உடைத்து, கோபால்பட்டியிலோ சாணார்பட்டியிலோ ஒரு ராத்திரி தங்க முடியுமா? முழு வழியும் 160 கிலோமீட்டருக்கு மேல். அதை ஒரு நாள் கூட்டி நடந்தால் தினக்கணக்கு குறைந்துவிடும். குழு சம்மதிக்கவில்லை என்றால், ஒரு நாள் முன்னதாகவே கிளம்புகிற வேறொரு சிறு கூட்டத்தோடு போய், திண்டுக்கல்லில் கொழுந்தனார் குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். பெரிய குழுக்கள் இளவட்டங்களின் வேகத்துக்குத் திட்டம் போடுகின்றன, நாற்பதைத் தாண்டியவர்கள் அதில் நசுங்குகிறார்கள், இது என் பல நாள் புகார்.

முட்டியைப் பற்றி. கடிதத்தை வைத்து நோயைச் சொல்லக் கூடாது, ஆனாலும் வெளிப்பக்கம், ஊசி குத்துவது போல, நடக்க நடக்க அதிகமாவது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முட்டிக்குக் கீழே போய் ஒட்டுகிற பட்டை. அது எலும்பின் மேட்டில் உரசி உரசிப் புண்பட்டுப் போகிறது. இதற்குச் சாலையும் ஒரு காரணம். மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் நடுவை மேடாகவும் ஓரத்தைச் சரிவாகவும் போட்டிருப்பார்கள். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வலது ஓரமாகவே நடப்பீர்கள், அது சரிதான், மாற்ற வேண்டாம். ஆனால் அப்படி நடந்தால் வலது கால் நாள் முழுக்கப் பள்ளத்தில், இடது கால் மேட்டில். தாருக்கு வெளியே மண் சமமாக இருக்கும் இடங்களில் பகலில் மண்ணில் நடங்கள். திண்டுக்கல்–பழனி ரோட்டில் பாதயாத்திரைக்கென்றே கல் பதித்த நடைபாதை இருக்கும் இடங்களில் அதை விட்டு இறங்காதீர்கள். உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கலாம்: நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்காருகிறவர்களுக்கு இடுப்பின் பின்சதையும் பக்கச் சதையும் வலுவிழந்திருக்கும், அந்த வேலையையும் சேர்த்து இந்தப் பட்டை இழுக்கும். சரி செய்யக்கூடியது. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். ஆனால் சாதாரண நாளிலேயே வலி இருக்கிறதென்றால் இதைப் படிப்பதோடு நிறுத்தாமல் பக்கத்தில் யாரிடமாவது முட்டியைக் காட்டிவிடுங்கள்.

செருப்பு. இதில் நான் நயமாகப் பேசப் போவதில்லை. சர்க்கரை உள்ளவர் வெறும் காலோடு நடப்பதற்கு முன்னால் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டாக்டரிடம் மெல்லிய நைலான் இழை ஒன்று இருக்கும், கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டுப் பார்ப்பார், இரண்டு நிமிட வேலை. ஒரு இடத்தில் தொட்டது தெரியவில்லை என்றாலும் வெறும் கால் நடை கிடையாது, வேண்டுதலே ஆனாலும் கிடையாது. கண்ணாடிச் சில்லு ஏறியதே தெரியாமல் பத்து கிலோமீட்டர் நடந்து வந்த காலை நான் பார்த்திருக்கிறேன், அப்புறம் அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை. உணர்ச்சி சரியாக இருந்து, வெறும் கால்தான் என்று மனதில் உறுதியாக இருந்தால், பாதத்தின் தோல் கெட்டிப்பட வாரக்கணக்கில் ஆகும், இன்றிலிருந்தே வீட்டு வாசலில் பத்து நிமிடம், அப்புறம் தெருவில் பதினைந்து நிமிடம் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். காலை 10 மணிக்கு மேல் சாயங்காலம் 4 மணி வரை தார் ரோட்டில் வெறும் கால் வைக்காதீர்கள், தை மாதம் என்றாலும்தான். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் படுத்துவிடுகிறவர்கள் விவரமானவர்கள். இருட்டில் நடப்பதால் முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம்.

இதெல்லாம் வேண்டாம், போட்டுக்கொண்டே நடக்கிறேன் என்றால் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் ரப்பர் ஹவாய் செருப்பு வேண்டாம், அது கழன்று போகாமலிருக்க விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், இரண்டாம் நாள் முன்னங்கால் எலும்போரம் வலிக்கும். ஏற்கெனவே போட்டுப் பழகிய கேன்வாஸ் ஷூ, அரை அளவு பெரிதாக. நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால்தான் பெரிது. யாத்திரைக்கென்று புது ஷூ வாங்கி அன்றைக்குத்தான் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

கொப்புளம் உரசலும் ஈரமும் சேர்ந்து வருவது. அது வருவதற்கு முன்னால் அந்த இடம் சூடாக எரியும். அப்போதே நிற்க வேண்டும், அடுத்த தண்ணீர்ப் பந்தல் வரட்டும் என்று போகக் கூடாது. உட்கார்ந்து, காலைத் துடைத்துக் காயவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் பேப்பர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, சாக்ஸை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். ஐந்து நிமிடம் நின்றால் ஒரு நாள் மிச்சம். வந்துவிட்ட கொப்புளம் சின்னதாக இருந்தால் உடைக்காதீர்கள், மேலே இருக்கும் தோல்தான் அதற்கு மருந்து. பெரிதாகி அடியெடுத்து வைக்க முடியாதபடி இருந்தால் முகாமில் சுத்தமான ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை மட்டும் எடுத்துக் கட்டுவார்கள், சர்க்கரை இருப்பதால் நீங்களாகச் செய்ய வேண்டாம். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு, நூலை அப்படியே தொங்கவிடுவது. நீர் வடியும் என்பது உண்மைதான். அதே நூல் வழியாக ரோட்டு அழுக்கும் உள்ளே போகும்.

வலி மாத்திரை. முகாமில் கேட்காமலேயே கையில் திணிக்கிறவர்கள் உண்டு, பக்கத்து ஆள் தன் பையிலிருந்து எடுத்துத் தருவார். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகள் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தை அடிக்கும். கூடவே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஆபத்து இன்னும் கூடும். இரண்டாவது தொல்லை, வலி தெரியாமல் போவதால் புண்பட்ட முட்டி மேலேயே இன்னும் இருபது கிலோமீட்டர் நடந்துவிடுவீர்கள். ராத்திரி தூங்க முடியவில்லை என்றால் பாராசிட்டமால், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். நடப்பதற்காக மாத்திரை என்பது வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், பெண்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் நடப்பது. மூன்றாம் நாள் முகாமில் சுருண்டு விழுகிற பெண்களிடம் "கடைசியா எப்ப யூரின் போனீங்க?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தலைவலி, சதை பிடித்துக்கொள்வது, நீர்க்கடுப்பு, காரணமில்லாத அழுகை எல்லாவற்றுக்கும் இதுவே போதும். பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எங்கெங்கே வருகிறது என்று போன வருடம் போனவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள், இரண்டு பேராகப் போங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். அதற்காகத் தாகமே இல்லாமல் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் தப்பு, ரத்தத்தில் உப்பு குறைந்து குழப்பம், வாந்தி வரும். தாகத்துக்குக் குடியுங்கள், இடையிடையே உப்புப் போட்ட மோர், கஞ்சி. ஓ.ஆர்.எஸ் கலக்கினால் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழு ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும், டம்ளரில் கொட்டிக் குடிக்கக் கூடாது. மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்குவதாக இருந்தால் மருந்துக் கடையில் நேராகக் கேட்டு வாங்காதீர்கள், ரத்தம் உறையும் கோளாறு, ஈரல் கோளாறு இருப்பவர்களுக்கு அது ஆகாது, டாக்டர் பார்த்து எழுதித் தரட்டும்.

சர்க்கரை மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடையில் சர்க்கரை இறங்கிப்போகும் பயம் குறைவு. கிளிமிபிரைடு மாதிரி ஏதாவது சேர்ந்திருந்தால் நாள் முழுக்க நடக்கும்போது சடாரென்று இறங்கும்: கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு. உடனே உட்கார்ந்து மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட்டு, கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்திருக்க வேண்டும். பொட்டலத்தை இடுப்பில் வையுங்கள், லக்கேஜ் வண்டியில் வைத்தால் வேளைக்கு உதவாது. டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால் அது தண்ணீரைச் சிறுநீராக வெளியே தள்ளும், விரதம் இருந்துகொண்டு நடக்கும்போது தொடரலாமா என்று கேட்டே ஆக வேண்டும். விரதத்தையும் நடையையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள், நாமாக அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். அன்னதானத்தில் பொங்கலும் கேசரியுமாகவே கிடைக்கும், மறுக்கவும் மனசு வராது. பிரசாதம் என்று ஒரு வாய் வாங்கிக்கொண்டு, கையில் வறுத்த கடலை, சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவும் செய்தும் மூன்றாம் நாள் மத்தியானம் அந்த நினைப்பு வரும், 'போதும், ஏறிடலாம்' என்று. வரட்டும், வராமல் இருக்காது. என் பழக்கம் ஒன்றுதான், நின்றுகொண்டோ நடந்துகொண்டோ அந்த முடிவை எடுக்க மாட்டேன். உட்கார்ந்து, ஏதாவது சாப்பிட்டு, காலை ஒரு மூட்டை மேல் தூக்கி வைத்து, அரை மணி நேரம் கண்ணை மூடிவிட்டு அப்புறம் யோசிப்பேன். பெரும்பாலும் எழுந்திருக்கும்போது அந்த நினைப்பு பாதியாகியிருக்கும். போனில் மேப் எடுத்து இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள், வீட்டுக்கும் அந்த நேரத்தில் பேசாதீர்கள், "ஏன் இந்தக் கஷ்டம், பஸ் ஏறி வா" என்று பாசத்தில் சொல்வார்கள், அதைத் தாங்குகிற நேரம் அது இல்லை.

ஆனால் சில விஷயங்களுக்கு யோசிக்கவே கூடாது, நடையை நிறுத்திவிட வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பது, நெஞ்சில் பாரம் அல்லது மூச்சுத் திணறல், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, காய்ச்சலோடு கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து மேலே ஏறுவது, பேச்சில் தடுமாற்றம். இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரி, 108. இரண்டு காலும் ஒரே மாதிரி வலிப்பது, உட்கார்ந்து எழுந்ததும் முதல் பத்து அடி நொண்டி அப்புறம் சரியாவது, இவையெல்லாம் நடையோடு கூடவே வரும் சாதாரண வலி. ஒரே இடத்தில் விரலால் காட்டக்கூடியபடி குத்தி, அடிக்கு அடி ஏறி, நடையே கோணலாகிவிட்டால் அது வேறு, அன்றைக்கு நிறுத்துங்கள். போன வருடம் உங்கள் முட்டி அப்படித்தான் இருந்திருக்கிறது. நீங்கள் வண்டி ஏறியது சரியான முடிவு. திண்டுக்கல்லில் ஒரு நாள் படுத்துவிட்டு ஒட்டன்சத்திரத்திலிருந்து திரும்ப நடையைத் தொடங்கியிருக்கலாம், அதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திண்டுக்கல்லுக்கு அப்புறம் 60 கிலோமீட்டர்தான், உடம்பும் அதற்குள் பழகியிருக்கும். ஆயக்குடி நெருங்கும்போது கொய்யாத் தோப்புகளுக்கு அப்பால் மலை தெரியும், எல்லோரும் திடீரென்று வேகம் எடுப்பார்கள். நீங்கள் எடுக்காதீர்கள். மலை தெரிந்த பிறகும் வழி நிறைய இருக்கிறது, போய்ச் சேர்ந்தாலும் தைப்பூசக் கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், நடந்த காலுக்கு நடப்பதை விட நிற்பதுதான் கொடுமை. வரிசையில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே இருங்கள். மேலே போக 693 படி, உங்கள் முட்டிக்கு அது வேண்டாம், யானைப் பாதையில் ஏறுங்கள், இறங்குவதற்கு விஞ்ச் (மலைச்சரிவில் கம்பி வடத்தில் இழுக்கும் ரயில்) கிடைத்தால் விஞ்ச். படி இறங்குவதுதான் முட்டியைக் கெடுக்கும்.

இனி இந்த மூன்று மாதம். மெஷினிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, கட்டிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு பதினைந்து முறை குதிகால் தூக்குங்கள். ராத்திரி படுக்கும் முன் ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராக மெதுவாகத் தூக்கி இறக்குவது, பக்கத்துக்குப் பதினைந்து. மல்லாந்து முட்டியை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது பதினைந்து. வாரம் மூன்று நாள் ஒரு மணி நேர நடை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நீள நடை, முதல் மாதம் 8 கிலோமீட்டர், அப்புறம் திருப்பத்தூரிலிருந்து பிள்ளையார்பட்டி வரை, அது 12 கிலோமீட்டர் வாக்கில் வரும், போகும்போது நடந்து திரும்பும்போது பஸ். மூன்றாவது மாதத்தில் ஒரே ஒரு தடவையாவது சனி, ஞாயிறு அடுத்தடுத்து 15, 15 நடந்து பாருங்கள், நேற்று நடந்த காலோடு இன்று நடப்பது எப்படி இருக்கும் என்று உடம்பு தெரிந்துகொள்ளட்டும். கடைசி வாரம் ஓய்வு. யாத்திரையில் போடப்போகிற அதே ஷூ, அதே சாக்ஸ், அதே பை. சேலையில் நடப்பதாக இருந்தால் பயிற்சியும் சேலையில்தான். தொடை இடுக்கில் எங்கே உரசுகிறது என்று அப்போதுதான் தெரியும், அங்கே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளலாம்.

வழியில் தினமும் ராத்திரி படுக்கும் முன் டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். உங்களுக்குக் குனிந்து பார்க்க முடியவில்லை என்றால் ஜோடி வருகிற பெண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் காலை நீங்கள் பாருங்கள். ஊர் திரும்பிய பிறகும் ஒரு வாரம் இது தொடரட்டும்.